கலாமுடன் போட்டியிட்ட கப்டன்

அப்துல் கலாமைப் பற்றித் தமிழ்த் தினப் பேச்சுப் போட்டிகளில் நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். 2002 ஆம் ஆண்டு அவர் இந்திய ஜனாதிபதியானார். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இக்கட்டுரைக்காகத் தேடும்வரை எனக்கும் தெரியாது.

அவர் 87 வயதான ஒரு பெண் வைத்தியர். பெயர் லக்ஷ்மி சேகல். மக்கள் அவரைக் கடைசிவரை 'கப்டன் லக்ஷ்மி' என்றே அழைத்தார்கள்.

1914 ஒக்டோபர் 24 இல் சென்னையில் பிறந்தவர். தந்தை சுவாமிநாதன் வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் இந்தியாவின் அரசியலமைப்பை ஆக்கிய சபையில் இருந்தவர். பின்னர் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். ஆகவே சட்டமன்றப் பேச்சு மகளுக்குப் புதிதல்ல. ஆனால் மகள் முதலில் தெரிவுசெய்தது வைத்தியத்தை. 1938 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேற்று மருத்துவமும் படித்து, 1940 இல் சிங்கப்பூர் சென்றார். அங்கே அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைகள்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படையணி வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பை ஏற்றவர் லக்ஷ்மி. ஜான்சி ராணி படையணி என்று அதற்குப் பெயர். சேர்ந்தவர்களில் அநேகர் மலாயா இறப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பேனா சற்றுத் தயங்கியது. வன்னியில் இருந்துகொண்டு, 'பெண் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தினார்கள்' என்று வீரப் பெருமையோடு மட்டும் எழுத முடியாது. அந்தப் பேச்சு வந்தால் மௌனமாகிவிடும் தாய்மார் நம் அயலிலேயே இருக்கிறார்கள். லக்ஷ்மியின் படையணிக்கும் அது எதிர்பார்த்த போர்முனை கிடைக்கவில்லை. இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. பின்வாங்கும் பாதையும் காயப்பட்டவர்களின் பராமரிப்புமே அவர்களுக்கு மிஞ்சின. 1945 இல் பர்மாவில் ஆங்கிலேயர் லக்ஷ்மியைப் பிடித்தனர். 1946 மார்ச்சில்தான் இந்தியா அனுப்பினர்.

சீருடையைக் கழற்றிய பிறகு ஒருவர் என்ன ஆகிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இதே இராணுவத்தின் ஷா நவாஸ் கான் டில்லி செங்கோட்டையில் விசாரணைக்கு நின்றவர். விடுதலையானதும் மீரட் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, பிரதி அமைச்சராகவும் இருந்தார். அவரோடு கூண்டில் நின்ற பிரேம் சேகலை 1947 இல் லக்ஷ்மி மணந்தார். இருவரும் கான்பூரில் குடியேறினர். நாடு பிரிந்து அகதிகள் வந்து குவிந்த காலம் அது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் நம்பாத அந்நாட்களில் இரு சாராரும் நம்பிப் போன வைத்தியர் அவர்.

1971 இல் பங்களாதேஷ் அகதிகளுக்காகக் கல்கத்தாவில் நிவாரண முகாம்களையும் மருத்துவ உதவியையும் ஒழுங்கு செய்தார். முகாம் என்றால் என்னவென்று வவுனியாவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பவுசருக்கு வாளி வைத்துக் காத்திருந்தவர்களும், கூடாரத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அப்படியொரு இடத்துக்கு ஒரு மகப்பேற்று வைத்தியர் வருவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981 இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அதன் பிறகும் அவருடைய சேவை நிற்கவில்லை. 1984 இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் சீக்கியர்களைத் தாக்கக் கூட்டம் புறப்பட்டபோது, 70 வயதில் தன் கிளினிக் இருந்த பகுதியில் தெருவில் இறங்கி அந்தக் கூட்டத்தை எதிர்த்து நின்றார். அடுத்த மாதம் போபாலில் நச்சுவாயு கசிந்தது. அங்கும் ஒரு வைத்தியக் குழுவை அழைத்துக்கொண்டு போனார்.

இந்திய ஜனாதிபதியைத் தெரிவுசெய்பவர்கள் பாராளுமன்ற, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு பெறுமதி உண்டு. 2002 இல் கலாமுக்குக் கிடைத்த பெறுமதி 9 இலட்சத்துக்கும் மேல். லக்ஷ்மிக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம். வெல்ல மாட்டோம் என்று தெரிந்தே இடதுசாரிக் கட்சிகள் அவரை நிறுத்தின, அவரும் நின்றார். கலாமை நேசிக்கும் நான் அன்று வாக்களித்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் முடிவு வரவில்லை.

தேர்தல் முடிந்தது. அவர் கான்பூர் திரும்பி, தொண்ணூறு வயது கடந்தும் காலையில் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012 ஜூலை 23 இல் 97 ஆவது வயதில் காலமானார். அவருடைய உடல் மாணவர்கள் படிப்பதற்காகக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது.