ஒத்திகை ஏடும் நடப்பு ஏடும்

காரைக்குடியிலிருந்து திருச்சி, ஸ்ரீரங்கம் வழியாகச் சென்னை செல்லும் பல்லவன் விரைவு வண்டியை அறிவீர்கள் அல்லவா? அதன் எண் 12606. ஆனால் முன்பு அது 2606 ஆக இருந்தது! 2010 டிசம்பர் 20 ஆம் நாள், நாடெங்கும் நான்கு இலக்க வண்டி எண்கள் ஐந்து இலக்க எண்களாயின. பல்லவன் எண்ணுக்கு முன்னால் 1 சேர்ந்தது.

பெயர்ப்பலகையை மாற்றுவதுபோல் இது எளிதா? பார்ப்போம்.

முன்பதிவு விவரங்கள் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் உள்ளன. தரவுத்தளம் என்பது ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளின் தொகுப்பு. ஓர் அட்டவணையில் வண்டிகள், மற்றொன்றில் பயணிகளின் இருக்கைகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் இணைப்பது வண்டி எண். முதல் அட்டவணையில் மட்டும் எண்ணை மாற்றினால், பயணிக்கு இருக்கை இருக்கும், வண்டி இருக்காது!

எனவே வல்லுநர்கள் நடப்புத் தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைப்பதில்லை. அதைப்போலவே ஒரு நகல் எடுத்து, அதில் ஒத்திகை பார்க்கிறார்கள்.

திங்களன்று நகல் எடுத்தோம். வெள்ளியன்று ஒத்திகை வெற்றியாக முடிந்தது. திருத்திய நகலை அப்படியே நடப்புத் தளத்தின் இடத்தில் வைத்துவிடலாமா? கூடாது! இடைப்பட்ட நாள்களில் முன்பதிவு செய்த அத்தனை பேரின் பெயர்களும் மறைந்துவிடும். அவர்களுடைய இருக்கைகள் காலி என்று காட்டப்பட்டு, மறுபடியும் விற்கப்படும். ஒரே இருக்கைக்கு இருவர் சீட்டுடன் வந்து நிற்பார்கள்.

ஆகவே நகலை எடுத்துச் செல்வதில்லை. மாற்றங்களை மட்டுமே எடுத்துச் செல்கிறார்கள். நகலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் கட்டளைகளாக எழுதி வைக்கிறார்கள். புதிதாக எடுத்த இன்னொரு நகலில் அவற்றை இயக்கிச் சரிபார்க்கிறார்கள். பிறகு, பயன்பாடு குறைந்த நேரம் பார்த்து, நடப்புத் தளத்துக்குக் காப்புப்படி எடுத்துக்கொண்டு, அதே கட்டளைகளை அங்கே இயக்குகிறார்கள்.

இதில் இரண்டு விதிகள் முக்கியமானவை. முதலாவது, எல்லாக் கட்டளைகளும் நிறைவேற வேண்டும்; இல்லையேல் ஒன்றுமே நிறைவேறக் கூடாது. பாதியில் தடைபட்டால் தளம் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். இரண்டாவது, நிறைவேறிய கட்டளையைக் குறித்து வைக்க வேண்டும். 'முன்னால் 1 சேர்' என்பதைத் தவறுதலாக இருமுறை இயக்கினால் 2606 என்பது 112606 ஆகிவிடும் அல்லவா?

இறுதியில் ஒரு சோதனை: மாற்றத்துக்கு முன் எத்தனை பயணிகள் பதிவாகியிருந்தார்களோ, பின்னும் அத்தனை பேர் இருக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். வகுப்பு நூலகப் பதிவேட்டுக்கு ஒரு நகல் எழுதி, அதில் புத்தக எண்களை மாற்றுங்கள். அதே வாரம் உங்கள் நண்பர் மூல ஏட்டில் புத்தகங்களை வழங்கி வரட்டும். வார இறுதியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் கிழித்தெறிந்தால், எத்தனை புத்தகங்கள் யாரிடம் உள்ளன என்பதே தெரியாமல் போகும் என்று எண்ணிச் சொல்லுங்கள்!