மணல் திட்டு – 9: ஒன்றரைக் குஞ்சுக் கணக்கு

சம்பல் ஆற்றில் கூடு காக்கும் கிராமத்து ஆட்களோடு இத்தொடர் சென்ற வாரம் நின்றது. கீழலகு நீண்ட அந்தப் பறவையின் கதையைத் தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் கணக்கு. அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் ஆற்றுப் பறவை எத்தனை ஆனால் ‘பிழைத்துவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்?

அதற்கு முன் எறையூர்ப் பக்கம் ஒரு நடை. சர்க்கரை ஆலையைச் சுற்றிய கொல்லைகளில், சித்திரை வெயிலில், ஆள்காட்டி முட்டையிட்டிருக்கும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கல். முட்டையும் பெரும்பாலும் நாலுதான். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்டிருப்பதால், மிதிக்கும் தூரம் வரை போனாலும் கண்ணில் படாது. ஆனால் தாய் தலைக்கு மேல் பறந்து ஊரைக் கூட்டிவிடும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தானே அந்தப் பெயர்.

அடைகாப்பது என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கோடை மதியத்தில் ஆள்காட்டியின் வேலை நேர் எதிர். முட்டை வெந்துவிடாமல் நிழல் போட்டு நிற்க வேண்டும். நிழல் போதாத நேரத்தில் அது வாய்க்காலுக்கோ குட்டைக்கோ பறக்கிறது. தண்ணீரில் இறங்கி வயிற்றை முக்கி முக்கி எடுக்கிறது. இறகு நன்றாக ஊறியதும் திரும்பி வந்து, சொட்டச் சொட்ட முட்டைமேல் அமர்கிறது. பானையில் ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீரைக் குளிர வைப்பார்களே, அதே வித்தை. குஞ்சு பொரிந்த பிறகும் இந்த ஈர வயிறு உதவுகிறது. ஆற்று மணலில் முட்டையிடும் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் இதையே செய்கின்றன.

ஆகவே கூட்டருகே ஒருவர் அரை மணி நேரம் நின்று படம் பிடித்தால், தாய் அண்டாது; முட்டையைத் தொடவே வேண்டாம். வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கூடு இருந்தும் குஞ்சு வராமல் போகலாம்; கூடுகளை எண்ணி மகிழ்வதில் உள்ள ஓட்டை இதுதான். அமெரிக்காவில் 1986 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் மணல் நிற உப்புக்கொத்திக்கு அட்லாண்டிக் கரையில் வைத்த இலக்கு 2,000 ஜோடி. அதோடு ஜோடிக்கு 1.5 குஞ்சு பறக்கும் பருவத்தை எட்ட வேண்டும் என்றும் எழுதினார்கள். அரைக் குஞ்சு எப்படிப் பறக்கும் என்று கேட்கக் கூடாது. அது ஐந்தாண்டுச் சராசரி. ஐம்பெரும் ஏரிகளின் கரையிலோ அன்று மிஞ்சியது சுமார் 17 ஜோடி, இலக்கு 150. அந்தக் கூட்டத்தில் ஒரு ஜோடி 2019இல் சிகாகோ நகரத்துக் கடற்கரை போன்ற ஏரிக்கரையில் கூடு வைக்க, அங்கே நடக்கவிருந்த இசை விழாவே ரத்தானது. நம் ஊரில் தேர்த் திருவிழாவை ஆள்காட்டிக்காக நிறுத்துவதாக நினைத்துப் பாருங்கள்!

ஆற்றங்கரைப் பறவைகளுக்கு இந்த எண் விவகாரம் இன்னும் சிக்கல். மிசௌரி ஆறு உள்ளிட்ட வடக்குச் சமவெளியில் இதே உப்புக்கொத்திக்கு 1988இல் 1,300 ஜோடி, அதுவும் 15 ஆண்டு நிலைக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அணை கட்டிய ஆற்றில் வெள்ளம் வராவிட்டால் புது மணல் திட்டு எழாது. பழைய திட்டில் புதர் மண்டும். பறவை வெறும் மணலைத் தேடி அலையும். 2011 பெருவெள்ளம் மிசௌரியில் திட்டுகளைக் கொட்டிவிட்டுப் போனதும் பறவை பெருகியது. திட்டு தேய்ந்தபோது எண்ணிக்கையும் தேய்ந்தது. 2016 வரைவுத் திட்டம் ஒற்றை எண்ணைக் கைவிட்டு, அடுத்த 50 ஆண்டில் அழியும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அளவுகோலையே மாற்றியது. புத்திசாலித்தனமான மாற்றம். தலையை எண்ணுவதைவிட மணலை எண்ணுவதே மேல் என்ற இத்தொடரின் பிடிவாதத்துக்கும் அது ஒத்துப்போகிறது.

எண் வென்ற இடமும் உண்டு. அதே நாட்டின் உள்நாட்டுச் சிற்றாலா 1985இல் இரண்டாயிரத்துக்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டது. இலக்கு 7,000. 18,000ஐத் தாண்டிய பிறகு, 2021இல் பட்டியலிலிருந்து விடுவித்தார்கள்.

தொடக்கத்தில் சொன்ன, கீழலகு நீண்ட சம்பல் பறவைக்கு உலக அளவில் உள்ள கணிப்பு 2,450 முதல் 2,900 வரை, அதுவும் முதிர்ந்தவை மட்டும். அங்கே நீர் வற்றித் திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டால், நாயும் நரியும் நடந்தே கூட்டுக்கு வந்துவிடுகின்றன. காவல் ஆள் தேவைப்படுவது அதனால்தான்.

நம் பக்கத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவற்றுக்கு என்ன இலக்கு வைக்கலாம் என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தது. ஆள்காட்டி இடத்தைத் தின்றுவிட்டது. அது அடுத்த வாரம். அதற்குள் திருமானூர்ப் பக்கம் ஆற்று மணலில் இறங்குகிறவர்கள், தலைக்கு மேல் ஏதாவது கத்தினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூட வந்த நாயையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.