வாசலில் எண்ணெய்க் கறையா? பெட்ரோல் ஊற்றாதீங்க!



வீட்டுக்கு ஒரு வண்டி என்று இருந்தது போய், இப்போது ஆளுக்கு ஒரு வண்டி என்று ஆகிவிட்டது. வண்டியோடு சேர்ந்து வாசலுக்கு வந்தது எண்ணெய்க் கறை. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை திட்டுத் திட்டாகக் கறுப்பு. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுது. கோலம் போட்டால் இழை நிற்க மாட்டேங்குது. அழகு கெட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். விடியற்காலை இருட்டில் ஈரக்காலோடு அந்த இடத்தில் மிதித்தால் வழுக்கிவிடும். வயசானவங்க ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அவங்க படும் அவஸ்தையும் வீட்டில் உள்ளவங்க படும் பாடும் கொஞ்சமா நஞ்சமா?

கறையைப் பார்த்ததும் பெட்ரோலையோ ஆசிட்டையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. இரண்டுமே தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது என்ன கறை என்று பாருங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால், எங்கே சொட்டுகிறது, என்ன நிறம் என்று காலையில் தெரிந்துவிடும். என்ஜினுக்கு நேர் கீழே கறுப்பாகவோ தேன் நிறத்திலோ பிசுபிசுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் இருந்தால் கூலன்ட். அதில் லேசான இனிப்பு உண்டு, ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கும், தவழுகிற குழந்தை தொட்டு வாயில் வைக்கும். உடனே கழுவ வேண்டும். காரில் ஏ.சி. போட்டு வந்தால் அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர், பயமில்லை.

காரிலோ, டிஸ்க் பிரேக் உள்ள ஸ்கூட்டர், பைக்கிலோ சக்கரத்தை ஒட்டி வெளிர் மஞ்சளாக அல்லது பழுப்பாகச் சொட்டினால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். இது என்ஜின் ஆயில் மாதிரி தண்ணீரில் மிதக்காது, கரைந்து போகும். அதனால் வாசல் தெளிக்கும்போதே நம் கண்ணில் படாமல் போய்விடும். இப்படி ஒரு கறையைப் பார்த்தால் துடைப்பத்தை அப்புறம் எடுங்கள். 'இன்னிக்கு வண்டியை எடுக்க வேண்டாம், மெக்கானிக்கை இங்கேயே வரச் சொல்லுங்க' என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலும் அப்படியே. அன்று அந்தப் பக்கம் விளக்கோ ஊதுபத்தியோ ஏற்றக் கூடாது. கார்த்திகை மாசம் வாசலில் அகல் வைக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது கறைக்கு வருவோம். புதுசாகச் சொட்டிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் இன்னும் பரவும். மரத்தூள், தவிடு, அடுப்புச் சாம்பல், காய்ந்த மணல், எது கையில் கிடைக்கிறதோ அதைத் தாராளமாகக் கொட்டி மூடுங்கள். காலால் லேசாக அழுத்திவிட்டு, சில மணி நேரம் ஊறியதும் கூட்டி அள்ளுங்கள். பாதிக் கறை இதிலேயே போய்விடும். அப்புறம்தான் தண்ணீரும் சோப்பும்.

சிமென்ட் தரையாக இருந்தால், அரை வாளி வெந்நீரில் அரை டம்ளர் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத்தூளும் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கெட்டித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். சலவை சோடா கையை அரிக்கும், கையுறை அவசியம். பழைய கறைக்கு இது போதாது. சிமென்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. எண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும், வெளியே இழுக்க வேண்டும். சாக்பீஸ் தூள் அல்லது பழைய டால்கம் பவுடரில் சலவை சோடா கரைத்த தண்ணீரை விட்டு, அடை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறை மேல் கால் அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். மறுநாள் தாளை எடுத்து, நன்றாகக் காய்ந்ததும் சுரண்டிக் கழுவினால் கறை மங்கியிருக்கும். ரொம்ப நாள் கறை என்றால் இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டும்.

தார் போட்ட பாதை என்றால் முறையே வேறு. கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்குகிற கசடுதான் தார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதனால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தின்னர் எது பட்டாலும் தார் கரையும். கறையோடு சேர்ந்து பாதையும் போகும். மெக்கானிக் கடை வாசலில் தார் இளகி ஜல்லி பெயர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே! பெட்ரோல் பங்கில் பம்பு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் சிமென்ட் தளம் போடுவதும் இதனால்தான். தாருக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் மெதுவாகத் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம். உச்சி வெயிலில் தார் இளகியிருக்கும், காலையிலோ சாயங்காலமோ செய்யுங்கள். ஏற்கெனவே இளகி ஜல்லி கையோடு வந்தால் கழுவிப் பயனில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தார் போடச் சொல்ல வேண்டியதுதான்.

பூந்தொட்டி ஸ்டாண்டு வைத்த இடத்தில் துருக்கறை இருந்தால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பத்து நிமிஷம் விட்டுத் தேயுங்கள். சிமென்டில் அதற்கு மேல் விட்டால் தரை அரித்துவிடும். சூயிங்கம் ஒட்டியிருந்தால் ஐஸ் கட்டியை வைத்து இறுகவிட்டுச் சுரண்டினால் பெயர்ந்து வரும். மழைக்காலப் பாசிக்கு முதலில் சுரண்டிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். பாத்ரூம் கழுவும் ஆசிட் எண்ணெயை எடுக்காது, சிமென்டைத்தான் தின்னும். அதைவிட ஆபத்து, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். 'ரெண்டையும் கலந்தா பளிச்சுனு வரும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவங்களும் நம்மை மாதிரிதானே.

கடைசியாக, எண்ணெய் ஊறிய மரத்தூளைச் சாக்கடையிலோ செடி அடியிலோ கொட்ட வேண்டாம். மழை வந்தால் அது கிணறு, குளம் வரைக்கும் போகும். அடுப்பிலும் போடாதீர்கள். பையில் கட்டி, தனியாகக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

தரையை எத்தனை தடவை தேய்த்தாலும் வண்டி சொட்டுவதை நிறுத்தாவிட்டால் நம் கை வலிதான் மிச்சம். பல சமயம் ஒரு வாஷர் தேய்ந்ததாகத்தான் இருக்கும், மாற்றுவதற்கு அதிகச் செலவும் ஆகாது. காலையில் வாசலைக் குனிந்து பார்ப்பது நாம்தான். அதனால் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

- ஒரு வாசகி, திருச்சி