ஆற்றுக்கு ப்ராக்ரஸ் ரிப்போர்ட்!

1995-ம் வருஷம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஓர் ஆற்றுக்கு 'டி' கிரேடு போட்டார்கள்.

ஆமாம் சார், ஆற்றுக்குத்தான்! ஸ்கூல் பையன் மாதிரி அதற்கும் ஒரு ப்ராக்ரஸ் ரிப்போர்ட். என்ன, கையெழுத்துப் போட வேண்டிய அப்பா யார் என்பதில்தான் தகராறு. கவர்னரா, மேயரா, இல்லை, குழாயை ஆற்றுக்குள் விட்டுவிட்டு நைஸாக நழுவிய இன்ஜினீயரா?

ஆற்றின் பெயர் சார்லஸ். நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து நெளிந்து வந்து, கடைசியில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. என்று இரண்டு பெரிய படிப்பு ஸ்தாபனங்களின் வாசலைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. அத்தனை மேதைகள் கரையில் உட்கார்ந்து படித்தும், ஆறு என்னவோ நாறிக்கொண்டுதான் இருந்தது. 1966-ல் 'டர்ட்டி வாட்டர்' என்று அதன் அழுக்கை வைத்தே ஒரு பாட்டு ஹிட்டானது. அதையும் 'நம்ம ஊர்ப் பாட்டு' என்று கொண்டாடுகிற ஜனங்கள்!

மார்க் போட்டது அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி. அன்றைய கணக்கு ரொம்ப சிம்பிள். 100 மில்லி லிட்டர் தண்ணீரில் மலக்கிருமிகள் 200-க்குள் இருந்தால் நீந்தலாம். 1000-க்குள் என்றால் படகு ஓட்டலாம். அதற்கு மேல் போனால் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். 1995-ல் சோதித்த தடவைகளில், படகுக்கு லாயக்காக இருந்தது நூற்றுக்கு 39. நீச்சலுக்கு 19. இந்த லட்சணத்துக்குத்தான் 'டி'. "2005-க்குள் நீந்துகிற ஆறாக ஆக்கிக் காட்டுகிறோம்" என்று தேதி போட்டுச் சொன்னார்கள்.

மறு வருஷமே, 1996-ல், நதிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, மாநில கவர்னர் வில்லியம் வெல்ட் போட்ட டிரஸ்ஸோடு சார்லஸில் தொபுக்கடீர் என்று குதித்தார்! போட்டோ பிரமாதமாக வந்தது. ஆனால் கவர்னர் குதித்தார் என்பதற்காக ஆறு 'சி' கிரேடு வாங்கிவிடாது. அதற்கு வேறு மாதிரி ஆட்கள் வேண்டியிருந்தது.

அவர்கள் தொண்டர்கள். 'சார்லஸ் ரிவர் வாட்டர்ஷெட் அசோசியேஷன்' என்று 1965-ல் ஆரம்பித்த சங்கம். மாதம் ஒருமுறை, விடியற்காலையில், ஆற்றின் நெடுக 35 இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது வேலை. சம்பளம் கிடையாது. பார்க்க ஒன்றுமில்லாத காரியம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், வருஷக் கணக்காகப் பிடித்தால் அந்த பாட்டில் பேச ஆரம்பித்துவிடும். இந்தப் பாலத்தில் கிருமி 300, அடுத்த பாலத்தில் 5000 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் நடுவில் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அப்புறம் துப்பறியும் வேலை. மழைநீர் மட்டுமே வரவேண்டிய குழாயில், மழையே இல்லாத நாளில் தண்ணீர் வருகிறதா? வந்தால் அதில் சோப்பு இருக்கிறதா, அம்மோனியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கஃபீன்கூடத் தேடுவார்கள். காபியில் இருக்கிறதே, அதே சமாச்சாரம்தான். வாத்தும் நாயும் காபி குடிக்காது. ஆகவே வந்திருப்பது மனுஷன் சமாசாரம்! பிறகு மேன்ஹோல் மேன்ஹோலாகத் திறந்துகொண்டே போய், சந்தேகப்பட்ட வீட்டு டாய்லெட்டில் சாயத்தைக் கொட்டி ஃப்ளஷ் செய்வார்கள். சாயம் ஆற்றங்கரைக் குழாயில் எட்டிப் பார்த்தால் ஆள் அகப்பட்டான். வீட்டுக்காரருக்கே பெரும்பாலும் விஷயம் தெரியாது. எந்தக் காலத்திலோ எவனோ மாற்றிச் சொருகிய குழாய்.

இன்னொரு பெரிய வில்லன், மழை. பாஸ்டனின் பழைய குழாய்களில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகவே ஓடும். மழை வலுத்தால் இரண்டும் பொங்கி ஆற்றில் விழும். 1988 வாக்கில் இப்படி வருஷத்துக்குச் சுமார் 640 கோடி லிட்டர் சார்லஸில் கலந்தது. பல வருஷம் தோண்டித் துருவியதில், நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 2013 ஜூலையில், ஐம்பது வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, பொது ஜனங்கள் அனுமதியோடு சார்லஸில் இறங்கி நீந்தினார்கள். சொன்ன கெடுவுக்கு எட்டு வருஷம் லேட். நம் ஊர் மேம்பாலங்களைப் பார்த்த கண்ணுக்கு அது லேட்டே இல்லை!

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். நடுவில் 2006-ல் ஒரு கூத்து. கிருமி மார்க் ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் மாதம் ஆறு பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. விஷப் பாசி. காரணம் பாஸ்பரஸ். தெருவழியாகவும் புல்தரை வழியாகவும் மழைநீர் அடித்து வருகிற உரம், இலைக் குப்பை, நாய் போடுகிற அசிங்கம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கிருமியை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படுமா? படாது. கணக்கில் 90 மார்க் வாங்குகிற பையன் தமிழில் ஃபெயிலாவது மாதிரி. ஆகவே புதிதாக ஒரு பாடம் சேர்த்தார்கள். ஆற்றில் விழும் பாஸ்பரஸைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும் என்று 2007-ல் வரம்பு வந்தது. அதற்கு ஆற்றைச் சுத்தம் செய்தால் போதாது. ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்புகிற அத்தனை ஊர்களின் தெருவையும் கவனிக்க வேண்டும்.

'சரி, நம்ம கூவத்துக்கு மார்க் கிடையாதா?' என்று நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்பது காதில் விழுகிறது.

இருக்கிறது சார். அகில இந்திய ரேங்க்கே இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட பட்டியலில், நாட்டின் 279 நதிகளில் 311 இடங்கள் மாசுபட்டவை என்று கண்டது. அதில் முதலிடம் ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான கூவத்துக்கு. பி.ஓ.டி. 345!

பி.ஓ.டி. என்றால் என்ன? ஆக்ஸிஜன் பசி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கிடக்கும் அழுக்கைத் தின்ன கிருமிகளுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் இந்த நம்பர். வெள்ளைக்காரன் ஊரில் தண்ணீரை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். பிரிட்டனில் எந்த ஆறும் ஐந்து நாளுக்குள் கடலுக்குப் போய்விடும் என்பதால் வந்த கணக்கு என்று சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் கிருமிகளுக்கும் சுறுசுறுப்பு ஜாஸ்தி. 27 டிகிரியில் மூன்றே நாள்!

குளிக்கிற ஆறு என்றால் 3-க்குள் இருக்க வேண்டும். சாதாரணமாக வீட்டுச் சாக்கடைக்கு 200, 300 வரும். கூவம் சாக்கடையையே முந்திவிட்டது. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்ஸிஜனோ, எட்டு மில்லிகிராம்தான். எட்டாயிரம் சம்பளக்காரனுக்கு மூன்று லட்சத்து நாற்பத்தையாயிரம் கடன் இருந்தால் எப்படி? அப்படி! ஆக்ஸிஜன் காலியானதும் வேறு ஜாதிக் கிருமிகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை விடுகிற வாயுதான் பாலத்தைத் தாண்டும்போது நம்மைத் தாக்குகிற அழுகிய முட்டை வாசனை.

கூவத்துக்குச் செலவு செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1967-லேயே சீரமைப்புத் திட்டம் போட்டாயிற்று. 2015-ல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை வழியாகச் சுமார் 605 கோடி ரூபாய்க்கு இன்னொரு திட்டம். கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டு, ஸ்கூலை விட்டு, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் போனவர்கள் அவர்கள். எத்தனை குடும்பம் போயிற்று, எத்தனை டன் குப்பை அள்ளினோம், எத்தனை கிலோமீட்டர் வேலி போட்டோம் என்பதெல்லாம் நாம் செய்த வேலைக்கான கணக்கு. ஆறு என்ன ஆயிற்று என்பது வேறு கணக்கு. திட்டம் போட்டு ஏழு வருஷம் கழித்து வந்த பட்டியலில்தான் இந்த 345. குடிசையைக் கிளப்பியாகிவிட்டது, குழாயைக் கிளப்பினோமா என்று போனவர்கள் கேட்டால் பதில் அந்த நம்பரில்தான் இருக்கிறது.

நம்பரிலும் தில்லுமுல்லு செய்யலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழை கொட்டி முடித்த மறுநாள் போய் நேப்பியர் பாலத்தடியில் பாட்டில் பிடித்தால் கூவம் நல்ல பிள்ளையாகத் தெரியும். முகத்துவாரத்தில் மண்மேடு விலகிக் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற வேளையில் பிடித்தாலும் அப்படியே. உண்மை தெரிய வேண்டுமானால் பங்குனி, சித்திரையில் பிடிக்க வேண்டும். ஆவடி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை என்று வரிசையாக, மாதாமாதம், அதே இடத்தில். எங்கே நம்பர் எகிறுகிறதோ, அதற்கு மேலே இருக்கிற குழாய்க்கு முதல் மண்வெட்டி.

அந்த நம்பர்களை ஆபீஸ் ஃபைலுக்குள் வைக்காமல் பாலத்திலேயே எழுதி வைக்கலாம். பாஸ்டனில் படகுத் துறைகளில் கொடி ஏற்றுகிறார்கள். நீலம் என்றால் படகு ஓட்டலாம், சிவப்பு என்றால் கூடாது. பஸ்ஸில் போகிற நமக்கு ஒரு போர்டு போதும்: 'போன மாதம் 345, இந்த மாதம் இவ்வளவு.'

எடுத்த எடுப்பில் 3-க்கு ஆசைப்பட வேண்டாம். வாரியத்தின் கணக்கில் 30-க்கு மேல் போனாலே படுமோசம், முதல் வகுப்பு. அந்த 'ஃபர்ஸ்ட் கிளாஸை' விட்டு கூவம் முதலில் இறங்கட்டும். நீச்சல் டிரஸ் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.