ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு

மஸ்ஜித் இந்தியா வீதியில், ஜவுளிக் கடைகளுக்கும் நாணய மாற்று நிலையங்களுக்கும் நடுவே கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் போய், முப்பது முப்பத்தைந்து வெள்ளிக்கு ‘அன்லிமிட்டெட்’ சிம் ஒன்று கேட்கிறவர், அதை வாங்கிக் கைப்பேசியில் போட்டுக்கொள்வதற்கு முன் கடைக்காரர் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்வது நல்லது: “தம்பி, போன்ல எவ்வளவு வேணும்னாலும் பாருங்க, ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் கோட்டா உண்டு.” யு மொபைலின் ஜிஎக்ஸ் திட்டங்களும் ஹாட்லிங்கின் அன்லிமிட்டெட் திட்டங்களும் மலேசிய ஜனங்களுக்குப் பழக்கப்படுத்திவிட்ட ஏற்பாடு இது. வேகத்துக்கு வினாடிக்கு 3 மெகாபிட், 6 மெகாபிட் என்று ஓர் உச்சவரம்பு; கைப்பேசித் திரையில் செலவாகும் டேட்டாவுக்கு எல்லை கிடையாது; ஆனால் அதே டேட்டாவை, பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவன் தன் மடிக்கணினிக்கோ, கிள்ளான் தொழிற்சாலை விடுதியில் இருக்கும் தொழிலாளி தன் அறைத்தோழனின் கைப்பேசிக்கோ பகிர்ந்துகொடுத்தால், சில ஜிகாபைட்டோடு அந்தத் தாராளம் முடிந்துவிடுகிறது.

கைப்பேசிக்குள் நுழைந்த டேட்டா அதற்குள்ளேயே தங்கியதா, அல்லது வைஃபை வழியாக இன்னொரு கருவிக்குப் போயிற்றா என்பது எங்கோ இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எவ்வாறு தெரிகிறது? கைப்பேசி, தன்னைச் சார்ந்த கருவிகளுக்குத் தானே உள்விலாசங்களை வழங்கி, வெளியே அனுப்பும்போது எல்லாவற்றின் மேலும் தன் விலாசத்தையே எழுதி அனுப்புகிறபடியால், விலாசத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. துப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு இன்றளவும் வழக்கில் இருக்கும் இணைய விதிமுறையின்படி, ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் தலைப்பிலும் டி.டி.எல். என்று ஓர் எண் பொறிக்கப்படுகிறது. வழிதவறிய பொட்டலம் வலையமைப்பில் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிராமல் மடிந்துபோகவேண்டும் என்ற உத்தேசத்தோடு, அது கடக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அந்த எண்ணில் ஒன்று குறைக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஐஃபோனும் தம் பொட்டலங்களை 64 என்ற எண்ணோடு புறப்படச் செய்கின்றன. விண்டோஸ் கணினி 128 என்று இடுகிறது. ஹாட்ஸ்பாட் திறந்திருக்கும்போது கைப்பேசியே ஒரு நிலையமாகிவிடுவதால், அதன் வழியாக வரும் கணினியின் பொட்டலம் 127 என்றும், தோழனுடைய கைப்பேசியின் பொட்டலம் 63 என்றும் நிறுவனத்தின் கோபுரத்தை அடைகின்றன. அந்த ஒன்று குறைந்திருப்பதே போதுமான சாட்சி. வெகு நல்ல நோக்கத்துக்காக ஏற்பட்ட ஓர் எண், அதை வகுத்தவர்கள் கனவிலும் கருதியிராத ஒரு சுங்கச் சாவடிக்குக் காவலாளாக அமர்த்தப்பட்டிருப்பதை விஞ்ஞான சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்றாகவே கொள்ளலாம்.

சில சந்தர்ப்பங்களில் இந்தச் சாட்சிகூட வேண்டியதில்லை. பகிரப்படும் டேட்டாவுக்கென்று தனி நுழைவாயில் ஒன்றைக் கைப்பேசியே நிறுவனத்திடம் கேட்டு வாங்கும்படி ஆண்ட்ராய்டில் அமைத்துவிட முடியும். ஐஃபோனிலோ, பகிர்வு வசதி தென்படுவதா வேண்டாமா என்பதையே நிறுவனம் அனுப்பும் அமைப்புக் கோப்பு தீர்மானிக்கிறது. அதாவது, நாம் பணம் கொடுத்து வாங்கிய சாதனமே நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. கணினியில் அந்த டி.டி.எல். எண்ணை 65 என்று திருத்திவைத்து ஏய்க்கிறவர்களும் இல்லாமலில்லை. ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறுகிற காரியமாதலால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இவ்வளவு கண்காணிப்புக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் முற்றிலும் பொய்யன்று. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியோடு தொடர்புகொண்டிருந்த எர்லாங் என்ற டேனிஷ் கணித நிபுணர் 1909-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை, தொலைத்தொடர்புத் தொழில் முழுவதும், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், கோபுரத்திலும் கைப்பேசியிலும் இரண்டிரண்டு ஆன்டெனாக்களோடு இயங்கும் சாதாரண 4ஜி அமைப்பு, எல்லாம் சாதகமாக இருந்தால், வினாடிக்கு 150 மெகாபிட் வரை கொடுக்கும்; ஆளுக்கு 3 மெகாபிட் வீதம் பங்கிட்டால் ஐம்பது பேருக்குத்தான் காணும். சனிக்கிழமை இரவில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தையில் தோளோடு தோள் உரச நடக்கும் ஜனத்திரளை நினைத்துக்கொண்டால், அந்த ஐம்பது எம்மட்டு என்பது விளங்கும். கைப்பேசியைப் பார்க்கிறவர் சிறிது நேரத்தில் அதை மூடிவைத்துவிடுவார். கணினியோ பெரிய கோப்புகளையும் மென்பொருள் புதுப்பிப்புகளையும் மணிக்கணக்காக இறக்கிக்கொண்டே இருக்கும் என்பது அவர்களுடைய வாதம்.

ஆனால் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்க்கவேண்டும். வினாடிக்கு 3 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிகாபைட், கண் மூடாமல் முப்பது நாள் இறக்கினாலும் 972 ஜிகாபைட்டைத் தாண்டாது. ஆகவே வேகத்துக்கு வரம்பு விதித்த அன்றே ஒரு சிம் கோபுரத்தின்மேல் ஏற்றக்கூடிய பாரத்துக்கும் வரம்பு விதித்தாயிற்று. ஒரு கருவி இழுத்தாலும் ஆறு கருவிகள் இழுத்தாலும் அந்த 3 மெகாபிட்டுக்குமேல் வரப்போவதில்லை. மேலும், பாரம் என்பது நெரிசல் நேரத்துக்கு உரிய சங்கடம். நள்ளிரவுக்குப் பின் மூன்று மணிக்குக் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால் ஒருவருக்கும் இடைஞ்சலில்லை. ஆயினும் ஹாட்ஸ்பாட் கோட்டா 3 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே இரவில், இரண்டேகால் மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். நெரிசல் வேளையில் திரையில் ஓயாமல் படம் பார்ப்பவருக்கோ யாதொரு தடையுமில்லை. பாரத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் இது விசித்திரமான அளவுகோல். விடுதி அறையில் ஆறு பேர் ஒரே சிம்மைப் பகிர்ந்துகொண்டால் ஐந்து சிம் விற்பனையாகாமல் போகும் என்ற வியாபார காரணமே இதன் முதுகெலும்பு என்பது என் அபிப்பிராயம். வியாபாரம் செய்வது குற்றமன்று. அதற்கு விஞ்ஞான வேஷம் போடுவதுதான் பொருந்தவில்லை.

இந்த வழக்கை அந்நிய தேசங்கள் முன்னரே விசாரித்திருக்கின்றன. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2010-இல், 2 ஜிகாபைட்டுக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு, அதே 2 ஜிகாபைட்டைக் கணினிக்குப் பகிர்வதற்கு, ஒரு பைட்கூட அதிகம் கொடாமல், மேலும் 20 டாலர் கேட்டது. வெரைசன் நிறுவனமோ, தனிக் கட்டணம் இல்லாமல் பகிர்வதற்கு உதவிய செயலிகளைத் தடுத்ததாக எழுந்த விசாரணையில், அது ஏலத்தில் எடுத்திருந்த அலைவரிசைக்கு உரிய திறந்த பயன்பாட்டு நிபந்தனையின் காரணமாக, 2012-இல் 12.5 லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டம்பர் 2-ஆம் தேதி, குறிப்பிட்ட செயலிகளுக்கு இலவச டேட்டா அளித்துவிட்டு ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் அதை மறுத்த வோடஃபோனின் நிபந்தனை திறந்த இணைய விதிக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

ஜிகாபைட் கணக்கில் அளந்து விற்கப்படும் திட்டத்தில் பகிர்வுக்குத் தனிக் கூலி வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. விலை கொடுத்தவன் அதை எந்தத் திரையில் செலவழித்தால் என்ன? அளவில்லை என்று விற்கப்படும் திட்டத்தில் வரம்பு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வரம்பு, ‘அன்லிமிட்டெட்’ என்ற சொல் அச்சிடப்பட்ட அதே எழுத்தளவில், அதே விளம்பரத்தில் அச்சாகவேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தை நிர்வகிக்கும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கட்டாயப்படுத்தவேண்டும். அதுவரையில், மஸ்ஜித் இந்தியாவில் சிம் வாங்கும் வாசகர்கள் விலையைக் கேட்ட கையோடு ஹாட்ஸ்பாட் கோட்டா எத்தனை, அது தீர்ந்தபின் வேகம் குறையுமா அல்லது பகிர்வே நின்றுபோகுமா என்ற இரண்டையும் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு பணத்தை நீட்டுவார்களாக.