நஞ்சு விழுந்தாச்சா?

பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. ஆணா பொண்ணா, எத்தனை கிலோ? பதில் கிடைத்ததும் ஒருவர் மிட்டாய் வாங்க ஓடுவார், இன்னொருவர் போனை எடுப்பார். அந்தக் காலத்து மருத்துவச்சிக்கு வேறொரு கவலை இருந்தது. “நஞ்சு விழுந்தாச்சா?” நஞ்சுக்கொடி முழுசாக வெளியே வரும்வரை அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்க மாட்டாள். இன்றைய மகப்பேறு மருத்துவமும் இந்த விஷயத்தில் மருத்துவச்சியின் கட்சிதான்.

பிரசவத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். வலி ஆரம்பித்துக் கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரியும்வரை முதல் கட்டம். குழந்தை வெளியே வருவது இரண்டாவது. நஞ்சுக்கொடி வெளியே வருவது மூன்றாவது. முதல் கட்டம் ரொம்பப் பொறுமையானது. சூட்டு வலியா, நிஜ வலியா என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற நேரமெல்லாம் போக, ஐந்து சென்டிமீட்டர் விரிந்த பிறகுதான் வேகம் பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கையும் அப்போது கைவிட்டது. ஐந்துக்கு மேல் தலைச்சன் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம். முக்கித் தள்ளுகிற இரண்டாம் கட்டத்துக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம். மூன்றாம் கட்டமோ பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரை மணி தாண்டினால் ஆபத்து.

அமிர்தி மாதிரி ஓர் ஊரில் இந்தக் கணக்குக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு அது மானும் அருவியும் உள்ள பூங்கா. அதற்கும் மேலே மலைக்குள் சாமை விதைக்கிற மலையாளிப் பழங்குடிகளின் சிற்றூர்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் கிளம்பினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர நேரம் இருக்கிறது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு வண்டிக்கும் வழி உண்டு. மூன்றாம் கட்டத்தில் சிக்கல் வந்தால் அந்த அவகாசம் கிடையாது. நிற்காமல் ரத்தம் போகும் பெண் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். மலைப்பாதையின் இரண்டு மணி நேரமும் அதே இரண்டு மணி நேரம்தான்.

அப்படி என்ன நடக்கிறது அந்தக் கால் மணி நேரத்தில்? நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிய்ந்து வரும்போது, அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்த வாயோடு நிற்கின்றன. உடம்பில் இருப்பதே மொத்தம் ஐந்தாறு லிட்டர். அந்த வாய்களை அடைப்பது முதலில் ரத்தம் உறைவது அல்ல, தசை. கருப்பைத் தசை நார்கள் கயிற்றுக் கட்டிலின் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ரத்தக் குழாய்கள் அந்தக் கண்களின் வழியாகத்தான் வருகின்றன. நார்கள் இறுகும்போது கண்கள் மூடிக் குழாய்கள் நெரிபட்டு நிற்கின்றன. இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் கொட்டுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பத்துக்கு ஏழு இப்படித்தான் வருகிறது. நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும், மூத்திரப்பை நிறைந்து கிடந்தாலும் கருப்பை சரியாக இறுகாது. வெளியே வந்த நஞ்சைத் தட்டில் விரித்துப் போட்டு ஒவ்வொரு மடலாக நர்ஸ் பார்ப்பது அதனால்தான். குழந்தையைப் பார்ப்பதைவிட அக்கறையாகப் பார்க்கிறாரே என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும்.

நஞ்சு விழாவிட்டால் தாயின் தலைமுடியையே வாயில் திணித்துக் குமட்ட வைப்பது இந்தியாவில் பல இடங்களில் இருந்த வழக்கம். கொடியைப் பிடித்து இழுப்பதும் உண்டு. குமட்டினால் வயிறு இறுகும், கருப்பை இறுகாது. பிரியாத நஞ்சை இழுத்தால் கருப்பையே உள்வெளியாகப் புரண்டு வந்துவிடக்கூடும். மருத்துவச்சியின் கேள்வி சரியாக இருந்தது, கையில் மருந்து இல்லை.

அந்த மருந்து ஆக்ஸிடோசின். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையை இறுக்குகிறது என்று ஹென்றி டேல் 1906-இல் கண்டார். வின்சென்ட் டு வின்யோ 1953-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1955-இல் நோபல் பரிசு பெற்றார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் பத்து யூனிட் ஊசி. செலவு சொற்பம், பலன் பெரிது. ஆனால் ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், கரண்ட் போய்ப் போய் வருகிற துணை சுகாதார நிலையத்தில், சூடுபட்ட மருந்து பார்வைக்கு அப்படியே இருக்கும், வேலைதான் செய்யாது. இதே ஆக்ஸிடோசினை மாட்டுக்குப் போட்டுப் பால் கறக்கிறார்கள் என்று 2018-இல் மத்திய அரசு தனியார் தயாரிப்புக்குத் தடை போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதை ரத்து செய்தது. மாட்டுக்காரரைப் பிடிக்கப் போய்ப் பிரசவ அறையைப் பூட்டப் பார்த்த கதை.

குளிர்பதனம் தேவையில்லாத வழியும் இருக்கிறது. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. கிராம செவிலியர்கள் பிரசவம் ஆனவுடன் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை விழுங்கக் கொடுத்தார்கள். ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாக, ஏறக்குறைய பாதியாக இறங்கியது. போன ரத்தத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தியது, இடுப்புக்குக் கீழே விரிக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை. இது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் துணியிலும் தரையிலும் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது அனுபவசாலிகளும் குறைத்தே சொல்கிறார்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகள் கலந்துகொண்டன. அளவுப் பையை விரித்து, ரத்தப்போக்கு தெரிந்தவுடன் வயிற்றைத் தடவிவிடுவது, மருந்து, சலைன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்த இடங்களில் கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன.

வேலூரில் பிரசவத்தைப் பற்றி எழுதினால் ஐடா ஸ்கடர் வந்தாக வேண்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில், பெண் மருத்துவர் இல்லாததால் மூன்று தாய்மார்கள் இறந்துபோனதும், அதனால் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனதும் இந்தப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1918-இல் அவர் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கியதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு அதற்கும் ஒன்பது வருடம் முன்னால், 1909-இல் தொடங்கிய நர்ஸ் பள்ளி பெரிதாகப் படுகிறது. மூன்றாம் கட்டத்தில் கட்டில் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் நர்ஸ்தான். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பதும் அவர்தான்.

இதற்கிடையில் குழந்தை என்ன ஆனது? கொடியை உடனே வெட்டக் கூடாது, ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். நஞ்சில் தங்கியிருக்கும் ரத்தம் அதற்குள் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, பல மாதத்துக்கான இரும்புச் சத்தாகிறது. ஈரத்தைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் கவிழ்த்துப் போட வேண்டும். பிறந்த குழந்தை சூட்டை இழக்கும் வேகம் அதிகம். பாட்டிமார் காலில் போட்டுக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதற்கு ஒரு நாள் பொறுத்தால் நல்லது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது எதுவும் வேண்டாம். தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்கக் கூடாது. வைத்த காலத்தில் பச்சைக் குழந்தைகள் டெட்டனஸ் வந்து விறைத்துச் செத்தன. இந்தியா அந்த நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்ததாக 2015-இல்தான் அறிவிக்க முடிந்தது.

குழந்தைக்குச் செய்வதில் ஒரு விஷயம் தாய்க்கும் உதவுகிறது. குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரக்கிறது. பால் இறங்குவதும் கருப்பை இறுகுவதும் அதே ரசாயனத்தால்தான். முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்று வலிப்பது அந்த இறுக்கம். ஊசிக்கு அது மாற்று ஆகாது, ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பால் கொடுக்க நேரமும் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பெண்களுக்குச் சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. திரும்பி வந்த பிறகும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளை கேட்கலாம். இது தெரிந்து கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அரை லிட்டர் ரத்தம் போனாலே தாங்காது. அதனால் மூன்றாம் கட்டத்துக்கான வேலை நாலாம் மாதத்து இரும்புச்சத்து மாத்திரையிலேயே தொடங்குகிறது. குமட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று அது பல வீடுகளில் அலமாரியிலேயே கிடக்கும்.

மலைவாழ் கர்ப்பிணிகள் தேதிக்கு முன்பே வந்து தங்குவதற்கென்று தமிழ்நாட்டில் பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் கட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் சாமை அறுப்பு நடக்கும்போது, வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையும் நாலு ஆடும் இருக்கும்போது, வலியே எடுக்காமல் பத்து நாள் கீழே போய்ப் படுத்திரு என்றால் மாமியார் என்ன சொல்வார் என்று கிராம செவிலியருக்குத் தெரியும். ஆகையால் அவர் கர்ப்பிணியை விட்டுவிட்டு முதலில் மாமியாரிடம்தான் பேச்சுக் கொடுப்பார்.