ஏஐ முகவர் எழுதும்போது பழைய கோப்பு என்னவாகும்? கருவிக் குறிப்புகள் சொல்ல வேண்டியவை

கேள்விகளுக்கு விடையளிப்பதோடு நில்லாமல், பயனரின் கணினியில் அறிக்கை தயாரித்தல், கணக்குப் பட்டியலைத் திருத்துதல், நிரல் எழுதுதல் ஆகிய பணிகளையும் ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் செய்து வருகின்றன. இவற்றின் விளைவு இறுதியில் ஒரு கோப்பில்தான் எழுதப்படுகிறது. அப்போது அக்கோப்பில் ஏற்கெனவே இருந்த தகவல் என்னவாகும் என்பதை, கருவியுடன் இணைந்த விளக்கக் குறிப்பைக் கொண்டே முகவர் பெரும்பாலும் அறிகிறது.

கருவி என்பது என்ன?

மொழி மாதிரி தானாக எந்தக் கோப்பையும் தொடுவதில்லை. கோப்பைப் படிக்க, எழுத, இடம் மாற்ற எனச் சிறு நிரல்கள் அதற்குக் கருவிகளாக வழங்கப்படுகின்றன. கருவியின் பெயர், அது செய்யும் பணி, தர வேண்டிய உள்ளீடுகள் ஆகியவை குறிப்பில் இடம்பெறும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொதுத் தரநிலையும் கருவிகளை இவ்வாறே விவரிக்கிறது.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர், ஐயம் எழுந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்பார். முகவரோ பல நேரங்களில் குறிப்பிலிருந்து ஊகித்துக்கொண்டு பணியைத் தொடர்ந்துவிடும்.

நீக்கி எழுதுவதா, சேர்த்து எழுதுவதா?

'கோப்பில் தரவை எழுதும்' என்று மட்டும் ஒரு கருவியின் குறிப்பு கூறுவதாகக் கொள்வோம். மாத வரவு செலவுக் கோப்பில் இன்றைய வரவைப் பதியுமாறு பயனர் பணிக்கிறார். அக்கருவி பழைய உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு எழுதும் வகையாயின், மாதக் கணக்கு முழுவதும் மறைந்து ஒரு வரி மட்டுமே எஞ்சும். கருவியைப் பொறுத்தவரை பணி பிழையின்றி முடிந்ததால், எச்சரிக்கை எதுவும் வராது.

பைத்தான் நிரல்மொழியில் இதற்குத் தனித்தனி முறைகள் உள்ளன. 'டபிள்யூ' முறை பழையதை நீக்கி எழுதும். 'ஏ' முறை இறுதியில் சேர்க்கும். 'எக்ஸ்' முறை கோப்பு ஏற்கெனவே இருந்தால் எழுத மறுக்கும். இவற்றுள் தான் பின்பற்றுவது எது என்பதைக் கருவியின் குறிப்பும் தெளிவுபடுத்த வேண்டும். எம்.சி.பி.யின் மாதிரிக் கோப்புக் கருவி, முன்னறிவிப்பின்றிப் பழைய கோப்பின் மேல் எழுதிவிடும் என்றும், அனுமதிக்கப்பட்ட கோப்புறைகளில் மட்டுமே இயங்கும் என்றும் தன் குறிப்பிலேயே எச்சரிக்கிறது.

பாதையும் பைட்டும்

கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும் பாதையிலும் குழப்பம் நேரலாம். 'அடுத்த தெரு' என்ற அடையாளம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். முழு முகவரி மாறாது. முகவர் வேறு கோப்புறைக்கு நகர்ந்த பின் சார்புப் பாதைகளைத் தவறாகக் கையாண்டதாகவும், முழுப் பாதையைக் கட்டாயமாக்கியதும் அச்சிக்கல் தீர்ந்ததாகவும் ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் தெரிவித்தது.

இந்திய மொழிகளுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ், தெலுங்கு, வங்காளம், தேவநாகரி ஆகியவற்றின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. 'கி' என்ற எழுத்தில் ககரமும் இகரக் குறியும் சேர்ந்திருப்பதால் அதற்கு 6 பைட். எனவே, '6,000 வரை எழுதலாம்' என்று அலகின்றிக் குறிப்பிடுவது பயனற்றது. அது பைட் கணக்காயின், 2,000 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடமிராது.

குறிப்பில் இடம்பெற வேண்டியவை

* கோப்பு ஏற்கெனவே இருந்தால் நீக்கி எழுதுமா, சேர்க்குமா, மறுக்குமா?
* கோப்புறை இல்லாவிடில் புதிதாக உருவாக்குமா?
* முழுப் பாதை கட்டாயமா? எந்தக் கோப்புறைகளுக்கு அனுமதி உண்டு?
* குறியாக்கம் எது? அளவு வரம்பு எந்த அலகில்? வரம்பு மீறினால் என்ன நிகழும்?
* எழுதும் பணி பாதியில் நின்றால் பழைய கோப்பு தப்புமா?
* பிழை நேர்ந்தால், அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தி தெரிவிக்குமா?
* ஒரு சொல்லை மட்டும் மாற்றுவதற்கு வேறு கருவி உள்ளதா?

குறிப்பு மட்டும் போதுமா?

போதாது. தகவலை அழிக்கக்கூடிய கருவி எது, படிக்க மட்டும் செய்யும் கருவி எது என அடையாளமிடும் வசதி எம்.சி.பி.யின் 2025 மார்ச் பதிப்பில் சேர்க்கப்பட்டது. எனினும், நம்பகமான இடத்திலிருந்து வராத அடையாளங்களை நம்பலாகாது என்று அத்தரநிலையே வலியுறுத்துகிறது. தெளிவான குறிப்பு முகவரின் தவறான ஊகத்தைக் குறைக்கும். கோப்பைப் பூட்டி வைக்காது.

ஆகவே, முகவரைப் பயன்படுத்துவோர் அதற்கென ஒரு கோப்புறையை மட்டும் ஒதுக்குவதும், முக்கியக் கோப்புகளின் நகலை அதன் அணுகலுக்கு அப்பால் வைத்திருப்பதும், பழைய கோப்பை மாற்றும் முன் ஒப்புதல் கேட்கும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம்.